ஏழாம் குற்றி

டிசம்பர் நாலு, காலை ஆறரை.
ஏழாம் குற்றியிலிருந்து அலைவாய் வரை
பதினொரு மீற்றர் நாற்பது.
போன மாதம் பதினாறு.
எழுதிவிட்டு நாடாவைச் சுருட்டினேன்.
நாடாவோடு மணலும் சுருண்டு வந்தது.

முல்லைத்தீவுக் கடலோரம், பொதுக்காணி.
பழைய வரைபடத்தில்
இரண்டு ஏக்கர், ஒரு றூட், பதினான்கு பேர்ச்.
கிழக்கெல்லை: கடல்.
வரைந்தவர் மை சிந்தாமல்
ஒரு நேர்கோடு போட்டிருக்கிறார்,
கடல் கையெழுத்து வைத்துக் கொடுத்த மாதிரி.

ஒருவருடைய காணி என்றால்
வேலி சரிந்த அன்றே சத்தம் கேட்டிருக்கும்.
இது எல்லாருடையதும்.
அதனால் சிறுவர் பூங்காவின் கிழக்குப் பாதி போய்
மூன்று கிழமை கழித்துத்தான் ஒரு கடிதம் வந்தது.
அதுவும் ஊஞ்சலைப் பற்றி.

திணைக்களம் கருங்கல் அணை என்றது.
முந்நூறு மீற்றர், வவுனியாக் கல்.
கூட்டத்தில் சம்மாட்டி றெஜினோல்ட் எழும்பினார்:
"கல்லுக்கு மேலாலை கரைவலை ஏறாது மிஸ்,
மடி கிழியும்.
இஞ்சை கல்லைக் கொட்டினா
கடல் பசியோடை அங்காலை போகும்,
அடுத்த ஊரைத் தின்னும்."
அதையேதான் நான்
நாலு பக்கத்தில் சமன்பாடுகளோடு எழுதியிருந்தேன்.
தவிசாளர் இப்போதுதான் தலையாட்டினார்.

நடுவில் நூறு மீற்றர் வலைக்கு விடுவது.
அங்கே அடம்பன், இராவணன் மீசை, பின்னால் தாழை.
இரு பக்கமும் மணலுக்கடியில்
மண்மூடை.

அந்தச் சொல் விழுந்ததும்
மின்விசிறி சுற்றுவது கேட்டது.

நிரப்பும் முறையை விளக்க
நிகழ்ச்சி நிரலில் அரை மணி ஒதுக்கியிருந்தேன்.
பிலோமினா ஒரு பையை இழுத்தாள்,
முக்கால்வாசி நிரப்பினாள், வாயை மடித்தாள்,
கீழ்வரிசையின் இரண்டு மூடை சேரும் இடத்தில்
மூன்றாவதன் வயிற்றைப் பொருத்தி
முழங்காலால் அமத்தினாள்.
"இறுக்கி நிரப்பினா உருளும்.
கொஞ்சம் தளர விடோணும்,
அப்பதான் ஒண்டையொண்டு பிடிக்கும்."
எங்கே பழகினாய் என்று கேட்க
நான் வெளியூர்க்காரி இல்லை.

பங்குனியில், கடல் குளம்போலக் கிடந்த நாளில்,
பெக்கோ நாலடி தோண்டி நின்றது.
பல்லில் ஒரு துணி.
நைலெக்ஸ் சேலை, மாம்பழ மஞ்சள்,
கரையில் ஊதா.
கையால் தைத்து, உள்ளே மணல், இன்னும் இறுக்கமாய்.
சாரதி இயந்திரத்தை அணைத்தான்.

பொலிஸ் வந்தது, கண்ணிவெடி அகற்றுவோர் வந்தார்கள்,
இரண்டு நாள் நாடா கட்டிப் பார்த்தார்கள்.
வேறொன்றும் இல்லை என்று எழுதித் தந்தார்கள்.
மூன்று மூடைகள் மட்டும்.

பிலோமினா குந்தியிருந்து தையலைப் பார்த்தாள்.
"இடக்கைக்காரி," என்றாள்.
பிறகு, "அவசரத்திலை தைச்சிருக்கிறாள்,
ஆனா நூலை இரட்டையாய்ப் போட்டிருக்கிறாள்."
அவளை யாருக்கும் தெரியாது.
அல்லது சொல்லவில்லை.

மதிப்பீட்டில் மூடை அறுநூறு.
போட்டது அறுநூற்று மூன்று.
கணக்காய்வாளர் கேட்பார்,
பதில் இன்னும் எழுதவில்லை.

ஆவணியில் தவிசாளர் பலகை ஒன்று நடச் சொன்னார்:
அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு.
முதலில் கொடி திரளட்டும் என்றேன்.
ஆடு தின்றது பாதி.
மீதிக்குப் பெடியள் பழைய வலை கட்டினார்கள்.

டிசம்பர் நாலு, காலை ஆறரை.
எட்டு மீற்றர் பத்து.
போன மாதம் எட்டரை.
வெற்றி என்று எழுத ஒரு நிரல் இல்லை படிவத்தில்,
இருந்தாலும் எழுதமாட்டேன்.
கடல் வருகிறது,
முந்தியைவிட மெதுவாக.

குற்றியில் கொடி ஏறி
இலக்கத்தை மூடியிருந்தது.
விலக்கவில்லை.
நாடாவின் கொளுக்கியை
இலைக்குள் தடவி மாட்டினேன்.