பச்சைப் புள்ளி

டயர்க்கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கணக்கு மேசையில் உட்கார்ந்தபடியே
குடும்ப மரத்தைத் திறக்கிறேன்.
பீடோரில் மழை. எதிரே கொய்யாக்கடைக்காரி
தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறாள்.

ஜொகூரில் இருக்கும் குணவதிதான் இதைத் தொடங்கினாள்.
கட்டம் கட்டமாய்ச் சொந்தங்கள்.
ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ்,
படம் கிடைக்காதவர்க்குச் சாம்பல் நிறத் தலை.
எங்களில் பாதிப் பேர் சாம்பல் தலைதான்.

முதல் வாரமே அது
ஏ-எல் என்பதை எங்கள் குடும்பப் பெயர் என்று நம்பி
நாட்டிலுள்ள ஏ-எல்களை எல்லாம்
உறவினராக இருக்கலாம் என்று அனுப்பியது.
ஒரு பல் டாக்டர். மூன்று லாரி முதலாளிகள்.
என்னிடம் இரண்டு டயருக்குக் கடன் வைத்திருக்கும் ஆள்.
மாமா என்று கூப்பிட்டால்
கொடுத்துவிடுவாரோ என்னவோ.

சிரித்துக்கொண்டுதான் மேலே ஏறினேன்.
அப்பா.
அப்பாவுக்கு மேல் ரெங்கன், 1948.
ரெங்கனுக்கு மேல் நல்லகறுப்பன்,
கிளென்மோர் தோட்டம், மூன்றாவது டிவிசன்.
பிறப்பு 1911. இறப்பு காலி.
அதனால் பெயருக்கடியில் ஒரு பச்சைப் புள்ளி:
உயிருடன் இருக்கிறார்.

ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு
ஜனவரி ஒன்றைப் பிறந்தநாளாக்கிவிடும் அது,
தோட்டப் பள்ளி வாத்தியார் செய்த மாதிரியே.
ஒவ்வொரு புத்தாண்டுக்கும் எனக்குச் செய்தி:
இன்று நல்லகறுப்பனுக்குப் பிறந்தநாள், வாழ்த்துங்கள்.

1943இல், விடிவதற்கு முன்னால்,
பெரட்டுக் களத்திலிருந்தே லாரியில் ஏற்றினார்கள்.
சயாமுக்கு. தண்டவாளக் கட்டை சுமக்க.
சப்பான்காரன் காலம், பால்வெட்டு இல்லை,
மரவள்ளி நட்ட மண்வெட்டி களத்திலேயே கிடந்ததாம்.
மறுநாள் காத்தாயி அதே மண்வெட்டியோடு நின்று
தன் பேரைக் கொடுத்தாள்.

எத்தனை வருடம்தான் வாழ்த்துவது என்று
இன்று நான் எழுதினேன்:
இறப்பு 1943, சயாம், இடம் தெரியாது.
சேமி.

சிவப்பு முக்கோணம்.
பிழை. தந்தை இறந்து ஐந்தாண்டு கழித்துப்
பிள்ளை பிறந்திருக்கிறது. சரிபார்க்கவும்.

ரெங்கனின் பிறப்புப் பத்திரம் என் போனில் இருக்கிறது.
தகப்பன்: நல்லகறுப்பன்.
அறிவித்தவர்: சோலைமலை, பக்கத்து வீடு.
கையெழுத்துக்குக் கட்டைவிரல் ரேகை.
ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன்,
நல்ல மனுஷன், நடந்து போய்ப் பதிந்திருக்கிறார் என்று.
இன்றுதான் அந்த ரேகை
என்னைத் திரும்பிப் பார்த்தது.

அப்பன் பேர் என்ன என்று கிராணி கேட்டபோது
சோலைமலை எத்தனை நேரம் சும்மா நின்றிருப்பார்?
போனவர் வந்தால்
முகம் கொடுக்க வேண்டுமே என்றா,
வராதவருக்கு ஒரு பிள்ளையாவது இருக்கட்டும் என்றா,
இல்லை, காத்தாயி சொல்லி அனுப்பியதைச்
சொன்னாரா? விதவை என்று தெரிந்தால்
லயத்து வீடு போய்விடும் என்ற
வெறும் வீட்டுக் கணக்காகவும் இருக்கலாம்.

தந்தையை நீக்கு. தேதியைத் திருத்து. பிறகு பார்க்கலாம்.
மூன்று பொத்தான்.
ரெங்கன் த/பெ நல்லகறுப்பன் என்று
இங்கே சுடுகாட்டுக் கல்லில் வெட்டியிருக்கிறது.
போன வருடம் அந்த எழுத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தவள் நான்.

1943ஐ அழித்தேன்.
முக்கோணம் போனது. பச்சைப் புள்ளி வந்தது.
நூற்றுச் சொச்சம் வயதில் அவர் உயிரோடு இருந்தால்தான்
நாங்கள் யாரும் பிழையில்லை.

பிறகு புதுக் கட்டம் ஒன்று.
உறவு என்ன என்று கேட்டுப் பட்டியல் நீட்டியது.
அறிவித்தவர் என்று அதில் இல்லை.
மற்றவை என்பதைத் தொட்டேன்.
சாம்பல் தலை வேண்டாமென்று
பத்திரத்திலிருந்து அந்த ரேகையை மட்டும் வெட்டி
முகம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

குணவதியிடமிருந்து உடனே:
யாரு அக்கா இந்தச் சோலைமலை?

மழை விட்டிருந்தது. ஷட்டரை முழுக்க இறக்கிப்
பூட்டிய பிறகு அனுப்பினேன்:
பக்கத்து வீடு.