முப்பத்தொரு மில்லிமீட்டர்

ஹாலிஃபாக்ஸில், மழைக்கறை படிந்த கல் சுவருக்குப் பின்னால்,
பாரக்ளஃப் ஈமச்சேவை நிலையத்தின் கழுவும் அறை.
வெள்ளை ஓடு, வடிகால், சாய்ந்த எஃகு மேசை.
மேசைமேல் யாரும் இல்லை. அதற்காகத்தான்
செவ்வாய் காலை ஒன்பதரை என்று எனக்கு நேரம் கொடுத்திருந்தார்.

நான் பார்க்க வந்தது மேசையை அல்ல,
சுவரிலிருந்து இறங்கும் பச்சை ரப்பர் குழாயை.
அதன் வாய், தீனித் தொட்டியில் முகம் புதைத்த கன்றுபோல்,
தொட்டித் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது.

"நாற்பது வருஷம். ஒருத்தரும் குறை சொன்னதில்லை,"
என்றார் டெரிக் பாரக்ளஃப்.
இங்கே படுத்தவர்கள் எப்படிச் சொல்வார்கள்
என்று நான் கேட்கவில்லை.
அவரே சிரித்துக்கொண்டார். அப்பா காலத்து நகைச்சுவை.

தெருமுனையில் தீயணைப்பு வண்டி நின்று
நிலத்தடி வால்வைத் திறந்தால் போதும்.
அழுத்தம் சரியும். தண்ணீர் வந்த வழியே திரும்பும்.
இளநீர்க் குழலில் உறிஞ்சுகிற மாதிரி
இந்தத் தொட்டியில் இருப்பதை இழுத்துக்கொண்டு
சுவருக்குள் ஏறும், தெருவுக்குள் இறங்கும்,
பக்கத்து முடிதிருத்தகம்,
அதற்கப்பால் எட்டாம் எண் வீட்டுக் கெட்டில்.
விதிப்புத்தகத்தில் இது ஐந்தாம் வகைத் திரவம்.
ஐந்துக்கு மேல் வகை கிடையாது.

"இரட்டைத் தடுப்பு வால்வு போட்டுவிடலாமே?
முத்திரை உள்ளது. என் மைத்துனனிடம் இருக்கிறது."

போதாது.
வால்வு சத்தியம் மாதிரி.
ஒரு மணல் பருக்கை இடுக்கில் உட்கார்ந்தால் போச்சு.
ஐந்தாம் வகை என்று வந்துவிட்டால்
சட்டம் பித்தளையை நம்பாது, ரப்பரை நம்பாது,
மைத்துனனை நம்பவே நம்பாது.
குழாய் முனைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே
ஒன்றுமே இல்லாத ஓர் இடம் கேட்கும்.
உள்விட்டத்தின் இருமடங்கு, அல்லது இருபது மில்லிமீட்டர்,
எது பெரிதோ அது.

அவர் தங்கை வெரிட்டி தேநீர் கொண்டுவந்தாள்.
நீலக் கோடு போட்ட இரண்டு கோப்பைகள், ஒரு தட்டில் பிஸ்கட்.
சாவு நடந்த இடத்தில் கை நனைக்கத் தயங்குகிறவள் அல்ல நான்.
ஆனாலும் கண் கோப்பையிலிருந்து
சுவரோரச் செப்புக் குழாய்க்குப் போனது,
செப்புக் குழாயிலிருந்து கதவுக்கு வெளியே, சமையலறைப் பக்கம்.
பாரக்ளஃப் என் கண்ணைத் தொடர்ந்து வந்தார்.
பாதி வழியில் அவர் முகம் மாறிற்று.
பேசாமல் இரண்டு கோப்பையையும் எடுத்துப்போய்
வடிகாலில் கவிழ்த்தார். வெரிட்டிக்கு மட்டும் புரியவில்லை:
"சர்க்கரை அதிகமாகிவிட்டதா?"

அறிவிப்பில் பதினான்கு நாள் என்று எழுதினேன்.
வீணடிப்பு, முறைகேடு, மிகை நுகர்வு, பிழையான அளவு,
எல்லாவற்றையும் விட்டுவிட்டு
மாசு என்ற கட்டத்தில் மட்டும் குறியிட்டேன்.
பேனா ஈரத்தில் இழுத்தது.

மறுபடி போனபோது புதுத் தொட்டி மேலே தொங்கியது.
இனி கழுவும் குழாய் அதிலிருந்து; தெருக் குழாய்
தொட்டி விளிம்பைத் தொடாமல், எட்ட நின்று சொரிந்தது.
இரும்பு அளவுகோலை நீட்டினேன்.
முப்பத்தொரு மில்லிமீட்டர்.

"ஆயிரத்து நூறு பவுண்டு," என்றார் பாரக்ளஃப்,
"ஒன்றுமில்லாததற்கு."
குரலில் கோபம் இருந்தது; ஆனால் அளவுகோலைத் தானும் வாங்கி
ஒருமுறை அளந்து பார்த்தார்,
முப்பத்தொன்று என்று எனக்கே சொன்னார்.

பிறகு தயங்கி:
"முன்னே இந்த அறையில் சத்தம் இருக்காது.
இப்போது பாருங்கள், நிரம்பும்போதெல்லாம்
யாரோ உள்ளே குளிக்கிற மாதிரி.
முன்னறையில் குடும்பம் உட்கார்ந்திருக்கும்.
நேற்று ஒரு அம்மாள் எழுந்தே விட்டார்.
அதற்கு உங்கள் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?"

இல்லை என்றேன்.

வெரிட்டி தேநீர் கொண்டுவந்தாள்.
இந்தத் தடவை சர்க்கரை இல்லாமல்.
தொட்டி நிரம்பி ஓயும்வரை
மூவரும் நின்றபடியே குடித்தோம்.