பஞ்சிகாவத்தையில், மழை நேரம்

கடதாசி பில்டர் வேண்டாம் ஜவ்ஸி.
மலிவுதான்,
மாவு மணலுக்கு அது திறந்து கிடக்கும் ஜன்னல்.

இந்தப் பஞ்சை எடு, இரட்டை அடுக்கு.
எண்ணெயில் நனை, பிழி,
முறுக்காதே, கிழியும்.
விளிம்பைச் சுற்றிக் கிரீஸ்.
ஒன்று வண்டியில், ஒன்று பையில்;
மாலையில் மாற்றாமல் படுக்காதே.

காபரேட்டரா?
பெரிய வாய்க்குத்தான் எல்லாருக்கும் ஆசை.
உன் நானூறு சிசிக்கு முப்பத்தாறு போதும்.
அகன்ற தொண்டை
மணல்மேட்டின் அடியிலேயே திக்கும்,
நீ காலை ஊன்றி இறங்குவாய்,
சக்கரம் புதையும்.

தகரத்தில் மழை அறைகிறது.
ஓட்டோக்காரன் ஒருவன் உள்ளே ஒதுங்கி
சட்டையைப் பிழிகிறான்.
எனக்குத் தெரிந்த காற்று இதுதான்,
பாதி தண்ணீர்.

ஓமானை நான் பார்த்ததில்லை.
போன வருஷம் அங்கிருந்து வந்த ஒரு பில்டரை
மண்ணெண்ணெயில் அலசினேன்.
பேசினின் அடியில் படிந்தது
காலிமுகத்திடல் மணல் மாதிரி இல்லை.
விரலுக்குத் தட்டுப்படவில்லை.
நாக்கில் வைத்தேன்,
பல்லுக்குத் தெரிந்தது.

அந்த வெயிலுக்கு எந்த ஜெட் என்று
சத்தியம் பண்ணமாட்டேன்.
மூன்று தருகிறேன்:
நடுவிலுள்ளதைப் பூட்டியிருக்கிறேன்,
சின்னதும் பெரிசும் இந்தப் பொட்டலத்தில்.
தும்மாமல் பிரி.

பத்துக் கிலோமீட்டர் ஓடு,
பிளக்கைக் கழற்று.
கறுப்பென்றால் சின்னது, வெள்ளையென்றால் பெரிசு,
பால் விடாத தேத்தண்ணி நிறமென்றால்
தொடாதே.

படம் அனுப்பு.
பிளக்கின் படம்.
கண்ணாடி போட்டு மணலில் நிற்கிற உன்னை
உன் மனுசி பார்ப்பாள்.