வியாழக்கிழமை விதவை

வியாழன்தோறும் மார்வா கெல்சியின் புருஷன் சாவான்,
பெரும்பாலும் முதல் விளம்பரத்துக்கு முன்பே.
தொப்பி விழாமல் ஓடிவந்து
புழுதியில் மண்டியிட வேண்டும் அவள்.

ஒமாஹாவில் நாவிதர் மகள்.
குதிரையைப் பால்வண்டியில்தான் பார்த்திருந்தாள்.
"ஏறத் தெரியுமா?"
"பிறந்ததே சேணத்தில்" என்றாள்;
வாடகை இரண்டு மாதம் பாக்கி.

குதிரை கிட்டே வந்தால் மூக்கு அரிக்கும்,
கண் பொங்கி வழியும்.
இயக்குநருக்குப் பரம திருப்தி.

ரத்தம், சாக்லேட் பாகு.
துக்க உடையும் கறுப்பில்லை, கரும்பச்சை;
மதுக்கடைக்காரிக்குத் தைத்ததில்
கழுத்தை மட்டும் ஏற்றியிருந்தார்கள்.
கறுப்பு வெள்ளையில் யார் கண்டது?

கலர் வந்த வருஷம்
போன் அடிப்பது நின்றது.

அப்புறம் இருபத்தாறு வருஷம்
பேக்கர்ஸ்ஃபீல்டில், வாகன உரிமம் தரும் கவுண்டர்.
எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்பவன் ஒருவன்
படிவத்தை நீட்டிய கையை
எடுக்காமலே நின்றான்.
"நீங்கள் அழுதால் எங்கம்மா அழுவாள்.
அப்பா செத்தன்றுகூட
அழாதவள்."

அது குதிரை, என்று சொல்ல வாயெடுத்தாள்.
முத்திரையைத் தேடினாள், கையில்தான் இருந்தது.
மீதிச் சில்லறையை
இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தாள்.

அடுத்தவர்.