பெறுபவர்

மார்ச் பதினேழு விமானம்.
அதற்கு முந்தின ஐந்து வாரமும்
மஞ்சக்குப்பம் மிஷன் பங்களாவில் எனக்கு ஒரே வேலை:
நீளப் பேரேட்டில் கோடு கிழித்து
பொருள், எண்ணிக்கை, பெறுபவர் என்று எழுதுவது.

பிர்கித் அம்மாவை ஊரே பிரகதி அம்மா என்றது.
அவரும் அப்படியே கையெழுத்துப் போடப் பழகியிருந்தார்.
பிரஷர் குக்கரை மீன்காரச் செங்கேணிக்கு என்று எழுதினேன்.
"குக்கர நீயே வெச்சுக்க, அந்தக் கண்ணாடியக் குடு" என்றாள்.
கூடையில் மல்லாக்க வைத்துத் தலையில் ஏற்றி
தேவனாம்பட்டினம் பார்க்க நடந்தாள்.
பீச் ரோடு முழுக்க
அவள் தலைக்குமேல் கொஞ்சம் வானம் போயிற்று.
அம்மா கேட்டைச் சாத்த மறந்து நின்றார்.

சபைக்கு ஒரு சால்வை.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
ஆளுக்கு இருபத்துமூன்று கிலோதான் அனுமதி.
டென்மார்க் குளிருக்கு ஆகும் என்று மேடையில் சொன்னவர்கள்
அந்த ஜிகினாவைத் தொட்டுப் பார்க்கவில்லை.
அய்யா போனில் மகளோடு பேசினால்
அங்கே பேத்திகள் வாய்பொத்திச் சிரிக்கிறார்களாம்,
இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று.

நான்காம் வாரம் தேக்கு அலமாரியை நகர்த்தினோம்.
தானே புயலுக்கும் அசையாத அலமாரி.
பின்னால் பல்லி முட்டை ஓடு,
ஞாயிறு பள்ளிப் படம் ஒன்று,
வார் இற்றுப்போன ஒரு கைக்கடிகாரம்.

யோர்கன் அய்யா குனிந்து எடுத்தார்.
நிமிர நேரமாயிற்று.

எண்பத்தொன்றில் காணாமல் போனது.
வாட்ச்மேன் கலியமூர்த்தியை அனுப்பிவிட்டோம்.
'விட்டோம்' என்கிறேன்.
கடிதத்தை டைப் அடித்தவன் நான்.
'இனி எந்தப் பொறுப்புக்கும் தகுதியற்றவர்' என்று
அய்யா சொல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன்,
நடை நன்றாக இருக்கும் என்று.

மூன்று நாள் தேடினோம்.
திருப்பாதிரிப்புலியூர் லாட்ஜில் இருந்தாராம்,
சிப்காட் கேட்டில் இருந்தாராம்,
எங்கேயும் அதிக நாள் இல்லையாம்.
கடைசியில் ஓ.டி. தாண்டி, சோனங்குப்பத்தில்,
காற்று கொண்டுபோன கூரைக்கு
நீலத் தார்ப்பாய் கட்டிய வீட்டு வாசலில்
நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார்.

அய்யா செருப்பைக் கழற்றினார்.
நாற்பது வருஷம் பிரசங்கம் செய்த தமிழ்
அன்றைக்கு ஒரு வாய்தான் வந்தது.
"அலமாரிக்குப் பின்னாடி இருந்துச்சு.
நீ எடுக்கல."

கலியமூர்த்தி நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்தார்.
"நான் எடுக்கலன்னு
எனக்கு அன்னைக்கே தெரியுங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால்
ஏதாவது பதில் இருந்திருக்கும்.
தகவலாகத்தான் சொன்னார்.
அம்மா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.
ஒரு காகம் நெத்திலியைக் கொத்த வந்தது,
மூன்று பேரும் சேர்ந்து விரட்டினோம்.

கடிகாரத்தை வாங்கி, சாவி திருகி,
காதில் வைத்துக் கேட்டார்.
"ஓடுதே!"
திருப்பிக் கொடுத்தார்.
எவ்வளவு சொல்லியும் வைத்துக்கொள்ளவில்லை.
"ஊருக்குப் போறீங்களாமே.
அங்க இப்ப மணி என்ன?"

அய்யா வாயெடுத்தார், கணக்கு வரவில்லை.
அம்மாதான் சொன்னார்:
"நாலரை மணி நேரம் பின்னாடி."
"அவ்ளோதானா" என்றார் அவர்.

ஆட்டோ உப்பனாற்றுப் பாலம் ஏறியது.
அந்த ஒரு வரி என்னுடையது என்று
பாலம் முடிவதற்குள் சொல்லிவிட நினைத்தேன்.
பாலம் முடிந்தது.

பதினாறாம் தேதி இரவு பேரேட்டை மூட உட்கார்ந்தேன்.
கைக்கடிகாரம். ஒன்று.
மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்தேன்,
மை ஒரு புள்ளியாய் ஊறியது.

இப்போது அது என் மேசையில் கிடக்கிறது.
காலை எட்டு மணிக்கு நான்தான் சாவி கொடுக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமைகூட
அதற்காக ஆபீஸ் திறக்கிறேன்.