வெள்ளிக்கிழமைக்குள்

காகித ஆலையின் சங்கு நின்று பதினான்கு மாதம்.
இன்னும் ஐந்தே முக்காலுக்கு விழித்துக்கொள்கிறேன்.
ஊதாத சங்குக்கு எழுந்து உட்காரும் ஒருத்தியை
யார் வேலைக்கு எடுப்பார்கள்?

சிறைத்துறை எடுக்கிறது.
கடிதம் குளிர்பெட்டிக் கதவில்,
மீன் வடிவக் காந்தத்தின் அடியில் தொங்குகிறது.
அன்புள்ள ஐலா கொஸ்கெலா,
வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை.
மணிக்கு இருபத்து மூன்று டாலர்.
கண், பல், பிள்ளைக்கும் சேர்த்துக் காப்பீடு.

பல் என்ற சொல்லை மூன்று முறை படித்தேன்.
ஆர்லோவுக்கு வலது கடைவாயில் இரண்டு சொத்தை.
இடது பக்கமாகவே மென்று பழகிவிட்டான்.
கேட்டால்
இந்தப் பக்கம்தான் ருசி என்கிறான்.

மிச்சிகனின் இந்த வடகோடியில்
புதிதாகப் பூச்சு கண்ட கட்டடம் அது ஒன்றுதான்.
ஜன்னல்கள் எல்லாம் ஏரியைப் பார்த்தவை.
ஏரி தெரியாதபடி பால்வெள்ளைக் கண்ணாடி.
சுற்றிக் காட்டிய சார்ஜன்ட் லாபியர்
இதைச் சொல்லும்போது
மன்னிப்புக் கேட்பவர் போல இருமினார்.
பிறகு சாவிக்கொத்தை என் கையில் வைத்தார்,
சும்மா, எடை பார்க்க.
நல்ல ட்ரவுட் மீன் ஒன்றின் கனம்.
மீனைப் போலவே சில்லிப்பு.

பத்தொன்பது வருஷம் அங்கே இருந்த ஹாலிஸ்
உணவகத்தில் எப்போதும்
சுவரில் முதுகு சாய்த்துத்தான் உட்காருவார்.
போய்க் கேட்டேன்.
"நல்ல வேலை," என்றார்
வாசல் கதவைப் பார்த்தபடியே.
"ஒரு வருஷம் பொறுத்துக்கொள்.
அப்புறம் ஒன்றும் உறைக்காது."
ஆறுதலாகத்தான் சொன்னார்.
என் காப்பிக்கும் அவரே காசு கொடுத்தார்.

தங்கைக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.
நீ போகாவிட்டால் அந்த நாற்காலி காலியாகவா இருக்கும்?
உன்னைவிட மோசமான ஒருத்தன் வந்து உட்காருவான்.
நியாயம்தான்.
ஆனால் உட்கார்ந்த பிறகு
அந்த மோசமான ஒருத்தன்
நானாகவே ஆகிவிட்டால் என்ன செய்வது என்று
அவளிடம் கேட்கவில்லை.
அவளிடம்தான் போன மாதம்
மின்கட்டணத்துக்குக் கடன் வாங்கியிருந்தேன்.

இதெல்லாம்கூட இல்லை,
என்னைத் தூங்கவிடாதது
பி பிரிவின் நடையில் தரை துடைத்தவன்.
நிமிர்ந்தான்.
டுவெய்ன் பெல்டியர்.
பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே.
ஒரு ஜனவரி, இரவு இரண்டு மணி,
பனியில் புதைந்த என் காரைத்
தோள் கொடுத்துத் தள்ளியவன்.
பின்சீட்டில் ஆர்லோ, ஆறு மாதக் குழந்தை, வீறிட்டுக்கொண்டிருந்தான்.
காசு நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

என்னைப் பார்த்தான்.
சார்ஜன்ட்டைப் பார்த்தான்.
"ஈரம், பார்த்து," என்றான்.
என் பெயரைச் சொல்லவில்லை.
எனக்காகத்தான் சொல்லவில்லை என்பது
காரில் ஏறி
பெல்ட் போட்ட பிறகுதான் உறைத்தது.

எதற்காக உள்ளே போனான் என்று விசாரித்தேன்.
விசாரித்திருக்கக் கூடாது.
கேட்ட பிறகும் அந்தப் பனி, அந்தத் தோள்
அப்படியேதான் இருக்கின்றன.
அவன் செய்ததும் இருக்கிறது.
ஒன்று மற்றொன்றை நகர்த்த மாட்டேன் என்கிறது.

படிவத்தில் பதினோராவது கேள்வி:
கைதிகளில் எவரையேனும் உமக்குத் தெரியுமா?
முதல் தடவை இல்லை என்று குறித்தேன்.
அப்போது அது பொய் இல்லை.
இப்போது திரும்பவும் கேட்கிறார்கள்,
கையெழுத்துடன்.

வியாழன் இரவு.
ஆர்லோ ஆப்பிளை இடது பக்கமாக மெல்லும் சத்தம்.
பேனாவை எடுத்து
பெயர்: டுவெய்ன் பெல்டியர் என்று எழுதினேன்.
எவ்வாறு தெரியும் என்பதற்கு
ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள்.
ஒரு முறை காரைத் தள்ளினான்.
எழுதிய பிறகும் பாதி வரி மிச்சம் இருந்தது.

இதற்குப் பெயர் சம்மதமா மறுப்பா,
அவர்களே பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டால்
அது கோழைத்தனமா, தெரியவில்லை.
உறையை இன்னும் ஒட்டவில்லை.
நாளை தபால் நிலையத்தைப்
பன்னிரண்டரைக்கே மூடிவிடுவார்கள்.