தகரக்குவளை ஓடை

எழுபத்தெட்டில்
இந்த ஓடையைத் துடைத்து வைத்தவன் நான்.
மணிக்கு ஆறு டாலர்.
விழுந்து கிடக்கும் மரமெல்லாம் மீனுக்குத் தடை என்று
துறையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.
ரம்பம் அறுத்தது, இரும்புக் கயிறு இழுத்தது,
மூன்று கோடையில்
வகிடெடுத்த தலைபோல் ஆயிற்று தண்ணீர்.
எனக்கே பெருமையாக இருந்தது.

நேராக்கிய ஓடையில் வெள்ளம் எங்கும் நிற்கவில்லை.
கூழாங்கல்லை வாரிச் சுருட்டிக்கொண்டு
கடலுக்குப் போய்விட்டது.
மிஞ்சியது வழுக்குப் பாறை.
பாறையில் எந்தச் சால்மன் சினை இடும்?
ஒவ்வொரு நவம்பரிலும்
துள்ளும் சத்தம் கொஞ்சம் குறைந்தது,
அவ்வளவுதான்.

இப்போது மணிக்கு நாற்பத்திரண்டு டாலர்,
எடுத்ததைத் திருப்பி வைக்க.
வேர்க்கட்டையோடு வந்திறங்கிய ஃபிர் மரங்கள்.
என் எக்ஸ்கவேட்டரின் குழாய்களில் தாவர எண்ணெய்:
கசிந்தாலும் மீனைக் கொல்லாதாம்.
வெயில் ஏறினால்
பொரித்த உருளைக்கிழங்கு வாசம்.

வெர்னா சாட்டர்லி கரையில் நின்று கத்துகிறாள்:
"அழகாக அடுக்காதே, ஆர்லன்!
புயல் போட்ட மாதிரி போடு."
நாற்பது வருடம் நேராக அடுக்கிய கை.
முதல் நாள் நான் போட்ட தாறுமாறு
ஒரு கட்டில் மாதிரி இருந்தது.
அவள் சிரித்தாள். பிரித்துப் போட்டேன்.

மூன்றாம் வளைவில்
வாளிப் பல்லில் மாட்டியது ஓர் இரும்புக் கயிறு,
துருவேறி, வேரோடு வேராக.
கொக்கியில் என் பழைய முதலாளியின் முத்திரை.
வெர்னாவிடம் சொல்லவில்லை.
இருக்கைக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன்.

வரைபடத்தில் பதினொரு மடு.
ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு சரளைப் படுகை.
கெடு முடிகிற அன்று
லாரியின் பின்சக்கரம் சறுக்கி
அரை வண்டிச் சரளை கவிழ்ந்தது,
குறி வைக்காத இடத்தில்.
அள்ள நேரமில்லை.
திட்டிக்கொண்டே வீடு போனோம்.

நவம்பர். நாலு நாள் மழை.
கடுந்தேநீர் நிறத்தில் ஓடை.
பதினொன்றையும் பார்த்தாயிற்று:
இலை, நுரை, ஒரு பீர் டின்.
வெர்னா பேசவில்லை.
திரும்பும் வழியில்
ஈரத்துணியைக் கல்லில் அறைவது போல் ஒரு சத்தம்.

கவிழ்ந்த சரளையின் மேல்
ஒருக்களித்துப் படுத்து
வாலால் தோண்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
வால் நுனி தேய்ந்து வெளுத்திருந்தது.
ஒரு முழம் பின்னால்
கொக்கி மூக்கோடு ஓர் ஆண்,
முதுகில் கடல்நாய் கடித்த வடு.

வெர்னா ஆல்டர் கிளையில் இளஞ்சிவப்பு நாடா கட்டினாள்.
தேதி எழுதினாள்.
எண் எழுதும் கட்டத்தில் பேனா நின்றது.
"பன்னிரண்டு என்று போடு" என்றேன்.
"பன்னிரண்டு இல்லையே" என்றாள்,
போட்டாள்.

தலைவிளக்கை அணைத்தேன்.
இருட்டில் அந்தத் துணி
அறைந்துகொண்டே இருந்தது.